கண்டக்டர் வீட்டு பீரோ

மலையடி மடத்துக்கு முப்பத்திரண்டு படி. கண்டக்டர் வீட்டம்மா நாலு படிக்கு ஒருதரம் நின்று நின்று ஏறி வந்தாள். மேலே வந்ததும் தூணில் சாய்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வடிவுச் சாமி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சாமிக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். வந்தவளுக்கு அறுபத்துநாலு. ஆனாலும் பதினோரு வருஷமாகச் சாமிதான் குரு, இவள்தான் சிஷ்யை. சாமி இவளை அக்கா என்பாள். இவள் சாமியைச் சாமி என்பாள். இரண்டு பேருக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளுங்கக்கா."

"பீரோவை எப்பிடி அடுக்கணும்?"

மடத்தில் பீரோ கிடையாது. சுவருக்குச் சுவர் ஒரு கொடி கட்டியிருக்கும். சாமிக்கு இருப்பது இரண்டு காவிச் சேலை. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில்.

"என்கிட்ட வந்து கேக்கீங்களே. எனக்கு ரெண்டே சேலை."

"அந்த ரெண்டைத் தேடி நீங்க நின்னு நான் பார்த்ததில்ல. அதான் கேக்கேன்."

சாமி கொடியில் கிடந்த சேலையை ஒருதரம் பார்த்தாள். இவளே பேசினாள்.

"அடுத்த மாசம் முட்டுல ஆபரேஷன். ஒரு மாசத்துக்குச் சும்மாச் சும்மா எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சமைக்க மக வந்துருவா. ஆனா அவுக இருக்காகளே. துண்டு எங்கம்பாக. பனியன் எங்கம்பாக. கண்ணாடி எங்கம்பாக. நாப்பத்தோரு வருஷமா எந்திரிச்சு எந்திரிச்சு எடுத்துக் குடுத்தாச்சு. மாவுல கை இருந்தாலும் ஓடணும். உக்காந்து ஒரு காப்பி முழுசாக் குடிச்சதில்ல. அலுத்துப் போச்சு சாமி."

அவள் சொன்ன அவுக, பரமசிவம். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். தொங்கிக்கொண்டு வருகிற கூட்டத்திலும், எந்த டிக்கெட் எந்தக் கட்டுக்குள் இருக்கிறது என்று பார்க்காமல் விரலாலேயே கிழித்துக் கொடுத்தவர். வீட்டு பீரோவில் மட்டும் அவருக்கு ஒரு துண்டு அகப்படாது.

"அடுக்கிப் பார்த்தீங்களா?"

"அடுக்காமயா? பட்டு மேல, நூல் சேலை நடுவுல, அவுக வேட்டி கீழ. ஜவுளிக்கடை தோத்துப் போகும். அப்பவும் எங்கம்பாக."

"அவுக எப்பிடித் தேடுதாகன்னு பார்த்திருக்கீங்களா?"

"நான் எங்க பார்க்க? அடுப்படியில கெடப்பேன்."

"போயிப் பாருங்க. பார்த்துட்டு அடுக்குங்க."

அவ்வளவுதான் சொன்னாள் சாமி. இவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்த மாதிரியே நின்று நின்று இறங்கிப் போனாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தாள். இந்தத் தடவை ஆட்டோ பிடித்து பரமசிவமும் கூட வந்திருந்தார். படியைப் பார்த்ததும் அவர் கீழேயே புங்க மரத்தடியில் நின்றுகொண்டார்.

"அடுக்கிட்டேன் சாமி."

"எப்பிடி?"

"கதவுக்குப் பின்னால நின்னு பார்த்தேன். அவுக பீரோவைத் திறக்காக. உள்ள பார்க்கவே இல்ல. மூஞ்சி அடுப்படிப் பக்கம் திரும்பியிருக்கு. துண்டு எங்கங்காக. துண்டு மூக்குக்கு நேரா இருக்கு!"

சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. நாப்பத்தோரு வருஷம் ஓடினவ நான்."

"சரி, சொல்லுங்க."

"அவுக கை நெஞ்சு உயரத்துக்குத்தான் போகுது. குனிய மாட்டாக. அதனால பட்டுச் சேலையெல்லாம் அடியில தள்ளிட்டேன். அந்த உயரத்துத் தட்டு முழுக்க அவுகளுக்கு. வலது பக்கம் துண்டு, அடுத்தாப்புல பனியன், அடுத்தாப்புல வேட்டி. கதவு உள்பக்கம் ஒரு துணிப்பை தச்சு மாட்டினேன். அவுக பழைய கண்டக்டர் பை மாதிரியே அறை அறையா. கண்ணாடிக்கு ஒண்ணு, மாத்திரைக்கு ஒண்ணு, சாவிக்கு ஒண்ணு. குடை மாட்டப் பக்கத்துல ஒரு ஆணி. நாலு நாள் எங்க எங்கன்னு கேட்டாக. நான் வாயே திறக்கல. அஞ்சாம் நாளு தானா எடுத்துட்டாக. இப்பம் கண்ணை மூடிக்கிட்டு எடுக்காக."

"காப்பி?"

"முழுசாக் குடிச்சேன்."

"சூடாவா?"

"சூடாத்தான்."

சொல்லிவிட்டுச் சேலை முந்தியால் முகத்தைத் துடைத்தாள்.

"வீட்டுல சத்தமே இல்ல சாமி. பத்து நாளாச்சு. கோபம் ஒண்ணும் கெடையாது. சாப்பிடுதாக, பேப்பர் படிக்காக, படுத்துக்கிடுதாக. நேத்து துண்டை எடுத்துக் கையில வச்சிக்கிட்டு அடுப்படி வாசல்ல வந்து நின்னாக. என்னவோ சொல்ல வாயைத் திறந்தாக. அப்பிடியே மூடிக்கிட்டுப் போயிட்டாக."

சாமி தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஓடி ஓடி வந்த அலுப்பு ஒருமாதிரி. படுத்தா போயிரும். இது படுத்தாலும் போகல. ஆபரேஷன் முடிஞ்சு அந்த வீட்டுலதான் ஒரு மாசம் மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டுக் கெடக்கணும். பேசாம பீரோவைக் கலைச்சுப் போட்டிரட்டுமா சாமி?"

சாமி எழுந்து கொடியில் காய்ந்த சேலையை உருவினாள். மடிக்க ஆரம்பித்தாள்.

"அவுக உங்களை எப்பிடிக் கூப்பிடுவாக?"

"கூப்பிடுறதா?" கொஞ்சம் யோசித்தாள். "துண்டு எங்கம்பாக. நான் போவேன்."

"பேர் சொல்லி?"

"நல்லாருக்கே! ரேஷன் கார்டு எழுத வந்தவரு கேட்டாருன்னு ஒரே ஒரு தடவை சொன்னாக. அதுவும் எங்க அக்கா பேரைச் சொல்லிட்டாக."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நீங்க அவுகளை?"

"ஏங்க, ஏங்கம்பேன். வேற என்ன?"

"நானும் பதினோரு வருஷமா அக்கான்னே சொல்லிட்டேன்" என்றாள் சாமி, சேலையின் ஓரத்தைப் பார்த்தபடி.

வெயில் தூணைத் தாண்டி உள்ளே வந்திருந்தது.

அப்போது கீழேயிருந்து பரமசிவத்தின் குரல் வந்தது. பஸ்ஸில் ஊர் பேர் சொல்லிக் கத்திய தொண்டை. முப்பத்திரண்டு படியையும் ஏறி வந்தது.

"ஏ... குடை எங்க?"

கண்டக்டர் வீட்டம்மா தூணைப் பிடித்து மெதுவாக எழுந்து எட்டிப் பார்த்தாள். புங்க மரத்தடியில் அவர் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். குடை அவருடைய இடது கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"கையிலதானே..." என்று கத்தப் போனவள் நிறுத்திக்கொண்டு, சாமியைத் திரும்பிப் பார்த்தாள்.

சாமி மடித்த சேலையைக் கொடியில் போட்டாள்.

"பீரோவைக் கலைக்க வேண்டாம்க்கா. எல்லாத்துக்கும் அவுக கைக்கு எட்டுற இடத்துல ஒரு இடம் வச்சிட்டீங்க. உங்க பேரை எந்தத் தட்டுல வச்சீங்க?"