வேலம்மாளின் ஸ்லைடு

“கையெழுத்து போட முடியல மேடம்” என்றார் டாக்டர் செல்லக்கனி.

டாக்டர் மெஹராஜ் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். “ஏன்?”

“பயமா இருக்கு.”

செல்லக்கனிக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபது வருடம் நடத்திய சொந்த லேபை மூடிவிட்டு, மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள இந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுக்கும் மெஹராஜ் அவரைவிட ஒன்பது வயது சின்னவர். குருவுக்கு வயது கிடையாது என்று செல்லக்கனி அடிக்கடி சொல்வார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுதான்.

“யாரோட ரிப்போர்ட்?”

“வேலம்மாள். நாப்பத்தோரு வயசு, பீடி சுத்துறாங்க. காலையில லேப் வாசலுக்கே வந்துட்டாங்க. ‘எனக்கு அந்த ஊசி உண்டா இல்லையாம்மா’ன்னு கேட்டாங்க.”

கட்டியிலிருந்து குத்தி எடுத்த சதைக்குச் சாயம் ஏற்றுவார்கள். புற்றுச் செல்களைச் சுற்றிப் பழுப்பாக வளையம் விழுந்தால், அதற்கென்றே ஓர் ஊசி மருந்து உண்டு. விழாவிட்டால் அந்த மருந்து கிடையாது. பன்னிரண்டு மணிக்கு டாக்டர்கள் கூடி வேலம்மாளுக்கு என்ன சிகிச்சை என்று முடிவு செய்வார்கள்.

மணி பதினொன்று பத்து.

“மெஷின் என்ன சொல்லுது?”

“பூஜ்யம். நாலாயிரத்துச் சொச்சம் செல் எண்ணியிருக்கு. ஒண்ணுல கூட வளையம் இல்லையாம்.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“நானும் பூஜ்யம்தான்.”

மெஹராஜ் சிரித்தார். “சண்டையே இல்லையே டாக்டர். அப்புறம் என்ன பயம்?”

செல்லக்கனிக்குச் சுருக்கென்றது. நடுங்கிக்கொண்டிருப்பவரைப் பார்த்துச் சிரிக்கலாமா?

“அது சொன்ன பிறகுதானே நான் பார்க்கிறேன்? அது பூஜ்யம்னு காட்டினா என் கண்ணும் ஆமாஞ்சாமி போடுது.”

“நம்பரை மறைச்சுட்டுப் பாருங்க.”

“மூணு தடவை பார்த்துட்டேன். பூஜ்யம்தான்.”

“பயம் போச்சா?”

“போகல.”

மெஹராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் நகர்த்தினார்.

“பார்த்ததை வரைங்க.”

“செல்லையா?”

“ஸ்கிரீன்ல என்னென்ன இருந்துச்சோ அதை.”

இதென்ன எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கொடுக்கிற வேலை என்று செல்லக்கனிக்குத் தோன்றியது. ஆனாலும் வரைந்தார். ஊசியால் எடுத்த சதை நீளநீளமாக இருக்கும். ஒன்றன் கீழ் ஒன்றாக நாலு கோடு போட்டார்.

மெஹராஜ் தாளைப் பார்த்தார். பிறகு மேஜையில் துழாவி, சதை எடுத்த டாக்டர் எழுதியனுப்பிய சீட்டைப் படித்தார். சிரிப்பு போய்விட்டது.

“ஸ்லைடு எங்க?”

“கீழ, பெட்டியில.”

இங்கே அதுதான் வழக்கம். சதை ஒட்டிய கண்ணாடி ஸ்லைடு கீழ்த்தளத்தில் சாயம் ஏறும், அங்கேயே மெஷின் அதைப் படம் எடுக்கும், அங்கேயே பெட்டிக்குள் போய்விடும். டாக்டர்கள் இருக்கும் மூன்றாம் மாடிக்கு வருவது படம் மட்டும். தூசி இல்லை, உடைசல் இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் செல்லக்கனியே இதைப் பெருமையாகச் சுற்றிக்காட்டியிருக்கிறார்.

“எடுத்துட்டு வாங்க.”

“லிஃப்ட் ஓடல மேடம்.”

“படி இருக்கே.”

செல்லக்கனி மூச்சு வாங்க ஏறி வந்தபோது பதினொன்று இருபத்தைந்து. ஸ்லைடை நீட்டினார். மெஹராஜ் வாங்கிக்கொள்ளவில்லை. ஜன்னலைக் காட்டினார்.

“வெளிச்சத்துல பிடிங்க. வெறுங்கண்ணால பாருங்க.”

செல்லக்கனி பிடித்தார். சேமியா மாதிரி நீல நீலமாக இழைகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

அப்புறம், கண்ணாடியின் விளிம்பை ஒட்டினாற்போல் இன்னொன்று.

தாளைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார்.

“மேடம்… அஞ்சு.”

“சீட்டுலயும் அஞ்சுதான் போட்டிருக்கு.”

படம் எடுக்கும் மெஷின் அந்த விளிம்பு வரைக்கும் போகவே இல்லை.

அறை மூலையில் உறை போட்டு ஒரு மைக்ராஸ்கோப் கிடந்தது. செல்லக்கனி உறையை உருவி எறிந்தார். ஐந்தாவது துண்டை லென்ஸுக்கு அடியில் கொண்டுவந்து குனிந்தார்.

ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திப் பார்த்தார்.

“வளையம்” என்றார். “எல்லாச் செல்லுலயும். பேனாவால வரைஞ்ச மாதிரி.”

மெஹராஜும் குனிந்து பார்த்தார். தலையாட்டினார். “ஒரே கட்டிதான், இடத்துக்கு இடம் மாறும்” என்றார்.

செல்லக்கனியே போனை எடுத்து, சிகிச்சையை முடிவு செய்யும் டாக்டரைக் கூப்பிட்டார். “வேலம்மாளுக்கு அந்த ஊசி உண்டு. ஆமா, உண்டு. ரெண்டு பேரும் பார்த்துட்டோம். ரிப்போர்ட் இப்ப வந்துரும்.” போனை வைத்ததும் அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் அழுதார்.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

“மேடம்.”

மெஹராஜ் கதவைத் திறந்து படிக்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

“இந்த மெஷின் வந்ததுலருந்து நான் நூத்தி அறுபத்தெட்டு ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டிருக்கேன். ஒரு ஸ்லைடைக்கூட கையில எடுத்துப் பார்க்கல.”

செல்லக்கனி பின்னாலேயே ஓடினார்.

“மேடம், நூத்தி அறுபத்தெட்டு பேரு.”

“நான் அறுநூறுக்கு மேல” என்றார் மெஹராஜ். அதற்குள் அவர் ஸ்லைடு பெட்டிகளை நோக்கிப் பாதிப் படி இறங்கியிருந்தார்.