தீக்கு ஒரு பெட்டகம், தண்ணீருக்கு ஒரு டிரம்

“தீக்கும் வழி பண்ணேன், தண்ணிக்கும் வழி பண்ணேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்ய முடியும், சாமி?”

தில்லைநாயகம்தான் கேட்டார். மடத்தில் தீ அணைந்து அன்றைக்கு மூன்றாம் நாள். அவர் வேட்டியில் இன்னும் கரி வாடை போகவில்லை.

சுவாமிக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய் ஒன்பது வருஷம். மடியில் ஒரு சிலேட்டு, விரலிடுக்கில் ஒரு பல்பம். பேச்சு அவ்வளவுதான்.

அதற்கு முன் அவர் பேசியதெல்லாம் முந்நூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகளில் இருந்தது. பேச்சு முடிந்ததும் கூட்டத்தில் யாராவது எழுந்து ஏதாவது கேட்பார்கள். அதையும் பதிவு செய்து வைத்திருந்தார்கள்.

அவற்றுக்குக் காவல் தில்லைநாயகம். முப்பது வருஷம் அரசாங்க ஸ்டோர்கீப்பர். வெளியே போன சாமான் வீடு திரும்பாது என்பது அவருடைய வேதம். உத்தியோகம் அவரை விட்டது; அவர் உத்தியோகத்தை விடவில்லை.

அசல் கேசட்டுகளைத் தீ தாங்கும் இரும்புப் பெட்டகத்தில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, ஆற்றில் வெள்ளம் வந்தாலும் மிதக்கட்டும் என்று, ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் அடைத்தார். இரண்டையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

பக்கத்து மடைப்பள்ளியில் சிலிண்டர் பற்றிக்கொண்டது.

தண்ணீருக்கென்று வைத்த டிரம் தீயில் உருகி ஓடியது. தீக்கென்று வைத்த பெட்டகத்தில் தீயணைப்பு வண்டித் தண்ணீர் புகுந்தது. திறந்து பார்த்தால், கேசட்டுகள் அதற்கு முன்பே வெந்து வளைந்திருந்தன.

“காகிதம் தாங்குற சூட்ட கேசட் தாங்காது, பெரியவரே” என்றார் தீயணைப்பு வீரர்.

அதே பெட்டகத்தில் இருந்த மடத்து நிலப் பத்திரங்கள் நனைந்திருந்தன, அவ்வளவுதான். ஓர் எழுத்துகூட அழியவில்லை.

சுவாமி எழுதினார்: கேசட் வேண்டும் என்று உன்னிடம் வந்தவர் உண்டா?

“வந்தா மட்டும் குடுத்துருவேனா? ஓட்டினா நாடா தேயும்லா?”

சுவாமி சிலேட்டைத் துடைக்கவில்லை. அதே வரியை விரலால் தட்டினார்.

“ஒருத்தி வந்தா” என்றார் தில்லைநாயகம். குரல் இறங்கிவிட்டது.

ஆவுடையம்மாள். ஆற்றுக்கு அக்கரையில் பீடி சுற்றுகிறவள். அவளுடைய ஒரே மகன் முப்பிடாதி, சுவாமிக்குக் குரல் இருந்த காலத்திலேயே, பத்தொன்பது வயதில் லாரியில் அடிபட்டுப் போனான். போவதற்கு முந்தின மாசம்தான் இந்தக் கூடத்தில் எழுந்து நின்று, “சாமி, எங்கம்மைக்கு எப்பப் பாத்தாலும் கோவம் வருது. அதுக்கு ஏதும் மருந்து இருக்கா?” என்று கேட்டிருந்தான். கூடமே சிரித்ததாம். அது இருநூற்று நாலாம் கேசட்.

இந்த இரண்டு வருஷத்தில் மூன்று தடவை வந்தாள்.

“அவங் குரல் எனக்கு மறந்துட்டே வருது, அண்ணாச்சி. ஒருக்கா கேட்டுட்டுத் தந்துருதேன்.”

“தேஞ்சிரும்மா.”

“நகல் ஒண்ணு இருக்காம்லா, அதத் தாங்க.”

“நகல் ஆபத்துக்கு வச்சிருக்கது.”

“எனக்கு இன்னும் என்ன ஆபத்து வரணும்?”

அதற்கும் அவர் மசியவில்லை. மூன்றாம் தடவை அவளை வாசலோடு அனுப்பிவிட்டார்.

சுவாமி சிலேட்டைத் துடைத்தார். எழுதினார்: போய்ச் சொல்.

“நானா? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு, சாமி?”

சுவாமி கண்ணை மூடிக்கொண்டார்.

தில்லைநாயகம் பாலத்தைத் தாண்டி நடந்தார். அவரைத் தூரத்தில் கண்டதுமே ஆவுடையம்மாள் மடியிலிருந்த பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

“கொண்டாந்துட்டியளா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளே ஓடிவிட்டாள். வேறு வழியில்லாமல் பின்னால் போனார்.

உள்ளே பலகையில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர், மேலே துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. அதைத் திறந்து காட்டினாள். அடியில் மடித்த சேலைத் துணியும் பூச்சி அண்டாமல் இருக்க வேப்பிலையும் கிடந்தன. வேப்பிலை பச்சையாக இருந்தது.

“கேசட்டு இதுலதான் இருக்கணும். ரெண்டு வருசமா எல மாத்திட்டு வாரேன்.”

ஸ்டோர்கீப்பர் கண் சும்மா இருக்குமா? அது தன்பாட்டுக்குச் சுற்றி வந்தது. அடுப்பு பின்கட்டில். ஓட்டில் ஒழுக்கு இல்லை. வீடு மேட்டில் இருந்தது, வெள்ளம் எட்டாது. மடத்திலிருந்து முக்கால் மைல்.

“நல்ல இடம்” என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அரைஞாணில் சாவி குத்தியது.

சுவரைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அதைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதுமாயிருந்தது.

ஆவுடையம்மாள் அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டாம் தடவை அழுத்தினாள்.

“போவட்டும், அண்ணாச்சி. நகல் எடுத்தது நீங்கதான?”

“நாந்தான்.”

“அப்பம் அவம் பேசுனதக் கேட்டிருப்பியள்லா? கொஞ்சம் மூக்கால பேசுவான். கேசட்டுலயும் அப்படித்தான் இருந்துச்சா? அத மட்டும் சொல்லுங்க.”

முந்நூற்றுப் பன்னிரண்டு கேசட்டுக்கும் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். சத்த அளவைக் காட்டும் முள் ஆடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

“சத்தத்த அணைச்சு வச்சுட்டுத்தான் எடுத்தேன், ஆவுடையம்மா” என்றார்.