விரால் குஞ்சின் சிவப்பு

மீனுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒரு கண்மாயில் விரால் பாசி தின்று பிழைத்தது. மற்ற மீன்களைப் போலத் தண்ணீருக்குள்ளேயே மூச்சு விட்டது. யாரையும் கடித்ததில்லை. பாசி தின்கிறவனுக்கு இத்தனை பல் எதற்கு என்று கெண்டைகள் கேலி பேசும்.

கண்மாயை ஆண்டது வாளை. மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் வெள்ளையாகப் படுத்திருக்கும். பசித்தால் எழுந்து வந்து, தனியாக மேய்கிற ஒன்றை விழுங்கிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுக்கும். மற்ற மீன்கள் அதை வெயில் மழையைப் போல ஏற்றுக்கொண்டிருந்தன.

"இன்னைக்கு யாரு?"

"உளுவை வீட்டுல."

"அப்ப நாம தப்பிச்சோம்."

அவ்வளவுதான் பேச்சு. மறுபடி மேயப் போய்விடும்.

விராலுக்கு இது பொறுக்கவில்லை. புல்லுக்குப் புல் போய்க் கூட்டம் கூட்டியது. "அது ஒண்ணு. நாம எத்தனை பேரு?" என்று கேட்டது.

"எத்தனை பேரா இருந்தா என்னண்ணே, அதோட வாய் பெரிசு" என்றது உளுவை.

"ஒவ்வொருத்தரா போனாத்தான் அது வாய். எல்லாரும் சேர்ந்து போனா அது வெறும் பொந்து."

கரையடியில் செம்மண் கசிகிற இடம் ஒன்று இருந்தது. அங்கே எல்லா மீனும் உடம்பைத் தேய்த்துச் சிவப்பாக்கிக்கொண்டு, ஒரே பந்தாகத் திரண்டு நீந்தின. வாளை வந்து பார்த்தது. எது கெண்டை, எது அயிரை, எதைக் கவ்வுவது என்று அதற்குப் புரியவில்லை.

"யாருடா நீங்க?" என்றது.

"எல்லாரும்தான்" என்றது விரால்.

வாளை பட்டினி கிடந்து பார்த்தது. அடுத்த வெள்ளத்தில், மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலுங்கைத் தாண்டிக் கீழே போய்விட்டது.

உலகத்தில் அப்படி ஒரு காரியம் நடந்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

பிறகு மீன்கள் மண்ணைக் கழுவப் போயின. விரால் தடுத்தது. "போனது ஒரு வாளை. வாய்க்கால் வழியா இன்னொண்ணு வரும். பந்து கலையக் கூடாது" என்றது. அன்றைய கூட்டத்தில் தீர்மானம் ஆயிற்று: எல்லாரும் சிவப்போடு பந்துக்குள் இருக்க வேண்டும். விரால் வெளியே காவல் நிற்கும். சிவப்பு இல்லாமல் வருகிறவன் வாளையின் ஆள். அவனைக் காவல் கொல்லலாம்.

வயதான கெண்டை ஒன்று, எல்லாருக்கும் அக்கா, கேட்டது: "அது உன் வீட்டுப் பிள்ளையா இருந்தா, தம்பி?"

"நான் முகத்தைப் பார்க்க மாட்டேன் அக்கா. நிறத்தைத்தான் பார்ப்பேன். என் வீட்டுக்கு ஒண்ணு, உன் வீட்டுக்கு ஒண்ணுன்னு வச்சா அப்புறம் வாளைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

எல்லா மீனும் வாலடித்து ஆமோதித்தன. நல்ல தீர்மானம்தான். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லைக் குறை சொல்ல முடியாது.

மழை பொய்த்தது. தண்ணீர் கரையை விட்டு இறங்கிக்கொண்டே போக, செம்மண் இடம் மேலே நின்று வெயிலில் வெடித்தது. புதிதாகப் பூச மண் இல்லை. பூசியிருந்தது நாளுக்கு நாள் கரைந்தது. கெண்டையக்காவின் கடைசி மகன் கோரை வேருக்குள் நுழைந்ததில் மிச்ச மண்ணும் உரசிப்போய், வெளுத்த வயிற்றோடு பந்துக்குத் திரும்பினான். விரால் மறித்தது.

"தம்பி, அவன் எம் பய. உன் பின்னாடியே திரிஞ்சவன்" என்றது கெண்டை.

"தெரியும்கா. தெரிஞ்சும் விட்டா தீர்மானம் எதுக்கு?"

தின்றுவிட்டது. பந்து இன்னும் இறுகிக்கொண்டது. கெண்டையும் அதற்குள் போய்ச் சேர்ந்தது.

விராலின் மனைவி தன் இளைய மகளை அல்லிக் கொடிக்கு அடியில் ஒளித்து வைத்தது. அந்தக் குஞ்சும் வெளுத்துக்கொண்டிருந்தது. "மண்ணு எட்டலைன்னா பிள்ளை என்ன செய்யும்? உன் முதுகே வெளுத்துப் போச்சு, பார்த்தியா?" என்று கணவனிடம் கேட்டது.

"காவக்காரனுக்கு எதுக்கு நிறம்?" என்றது விரால்.

பசி தாங்காமல் மகள் ஒருநாள் வெளுத்த உடம்போடு வெளியே வந்தது. பந்து முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, நான்தான்."

விராலின் செவுள் நின்று நின்று அடித்தது. கெண்டையக்கா பந்தை விட்டு முன்னால் வந்தது.

"விட்டுரு தம்பி. இவளத் தின்னா எம் பய திரும்பியா வரப் போறான்?"

"இவளை விட்டா உன் மகனை நான் கொன்னேன்னு ஆயிரும் அக்கா. இப்ப வரைக்கும் அது தீர்ப்பு."

"அது அன்னைக்கே கொலைதான். எனக்குத் தெரியும். அது என்னோட போகட்டும். நீ விட்டுரு."

விரால் நியாயம் தவறாத மீன். அந்தப் பெருமைதான் அதனிடம் மிச்சம் இருந்தது. மகளைக் கவ்வியது. மீனுக்கு இமை கிடையாது. அதனால் பார்த்துக்கொண்டேதான் விழுங்கியது.

நீதி கசக்கும் என்று அது நினைத்திருந்தது. கசக்கவில்லை. ருசியாக இருந்தது.

அப்போதுதான் தொண்டையின் மேல்பக்கம் ஏதோ அடைத்தது. செவுள் திறந்து மூடியது; மூச்சு வரவில்லை. விரால் துடித்து மேலே போய், தண்ணீருக்கு வெளியே வாயை நீட்டி, ஒரு வாய்க் காற்றைக் குடித்தது. மனைவிக்கும் அழுது அழுது தொண்டை அடைத்தது. அதுவும் மேலே வந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாய் பிளந்து நின்றன.

"இனி என் வயித்துல பிறக்கிறது எல்லாம் சிவப்பாவே பிறக்கட்டும்" என்றது மனைவி. "மண்ணைப் பூசி உன்கிட்ட உசிர் கேக்க வேண்டாம்."

"அந்த நிறம் நிலைக்குமா?"

"நிலைக்கிற வரைக்கும் அதுகளுக்கு அப்பன் இருக்கட்டும்."

மீன்கள் பேசியது அத்தோடு நின்றது. பந்து கலைந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சேற்றுக்குப் போயிற்று. கடைசித் தண்ணீரும் வற்றியபோது கெண்டையக்காவும் உளுவையும் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. காற்றைக் குடிக்கக் கற்ற விரால்கள் மட்டும் சேற்றுக்கடியில் உயிரோடு இருந்தன. தீர்மானம் போட்டவர்களில் பிழைத்தது அதை வைத்துத் தின்றவன்தான்.

மறு மழையில் வாய்க்கால் வழியாக வேறு கெண்டைகள் வந்தன, வேறு உளுவைகள் வந்தன. வாளையும் வந்தது. நடந்ததைச் சொல்ல யாருக்கும் வாய் இல்லை. எல்லாம் தனித்தனியாகவே மேய்கின்றன.

விரால் இன்றும் ஒரு வாய்க் காற்றுக்காக மேலே வருகிறது. அந்தக் குமிழியைப் பார்த்துத்தான் தூண்டில்காரன் இடம் கண்டுகொள்கிறான். அடியில் சிவப்புப் பந்தாகக் குஞ்சுகள் திரண்டிருக்கும்போது தெரியாமல் காலை வைத்தால் மனிதனையும் முட்டும். சிவப்பு வெளுத்துக் குஞ்சுகள் கறுத்ததும் அதே வாய் அவற்றைத் துரத்தும். அன்று தொட்டுத்தான் விரால் குஞ்சு சிவப்பாகப் பிறக்கிறது. சிவப்பு இருக்கும் வரை அதற்கு அப்பன் இருக்கிறான்.