சட்டியில் எடுத்த ஞானஸ்நானம்

"எனக்கு இன்னொரு தடவை ஞானஸ்நானம் குடுக்கணும், ஐயரே."

கேட்டவர் தையல்காரர் மாசிலாமணி. வயது ஐம்பத்தெட்டு.

கேட்கப்பட்டவர் லுத்தரன் சபைப் போதகர் தேவவரம். வயது முப்பத்திரண்டு. வயதுதான் குறைவு, ஆள் மகா கறார். ஆராதனையில் ஒரு வரியைத் தாண்ட விடமாட்டார். சனிக்கிழமையே வந்து பேர் சொல்லாதவருக்கு ஞாயிறு திருவிருந்து கிடையாது. கலெக்டரே வந்தாலும் கிடையாது.

"ஏற்கெனவே எடுத்தாச்சே, அண்ணாச்சி?"

"எடுத்தேன். சட்டியில."

மாசிலாமணி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

"பொறந்தப்போ எனக்கு மூச்சு நிக்கப் போச்சாம். ஆத்துல வெள்ளம். ஐயரு அக்கரையில. பேறு பாத்த தங்கபாக்கியம்தான் சட்டித் தண்ணிய என் தலையில ஊத்தி, பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு சொல்லியிருக்கா."

"சரியாத்தானே சொல்லியிருக்கா."

"வர்ற ஞாயிறு என்னைய சபை மூப்பராக்கப் போறீங்க. என் மச்சினன் சந்தையில வச்சிக் கேக்கான், சட்டிக் கிறிஸ்தவனா மூப்பருன்னு. அவன் கெடக்கான். எனக்கே பயமா இருக்கு, ஐயரே. நான் நெசமாவே ஆண்டவரோட பிள்ளைதானா?"

தேவவரம் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நம்ம சபைய ஆரம்பிச்சவங்க கதை தெரியுமா? ஜெர்மனியில உபதேசத்துல கலப்படம் வந்துட்டுன்னு வீடு வாசல விட்டுட்டுக் கப்பல் ஏறுனாங்க. ஒரு பெரியவர நம்பி, அவரையே பிஷப்பாவும் ஆக்கி, அமெரிக்காவுல போய் எறங்குனாங்க. கொஞ்ச நாள்லயே அவரு யோக்கியதை வெளிய வந்துட்டு. தொரத்தி விட்டுட்டாங்க."

"ஐயோ! பொறவு?"

"பொறவு ஒங்க பயம்தான் அவங்களுக்கும். பிஷப்பு போயாச்சே, நாம இன்னும் சபைதானான்னு. ரெண்டு வருஷம் ஒருத்தருக்கொருத்தர் சண்டை, அழுகை."

"முடிவு?"

"வேதத்தைத் தொறந்து பாத்தாங்க. ஆண்டவரோட வார்த்தை அங்கனயேதான் இருந்துச்சி. வார்த்தை இருந்தா சபையும் இருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டாங்க."

மாசிலாமணி சமாதானம் ஆகவில்லை.

"இம்புட்டுக் கறாரான ஆளு, ஒரு சட்டியப் போய் ஒத்துக்கிடுதீங்களே!"

"கறாரா இருக்கப் போயித்தான் ஒத்துக்கிடுதேன். தண்ணியும் வார்த்தையும்னுதான் ஆண்டவர் சொன்னாரு. ஐயரும் வேணும்னு நான் கூட்டிச் சேக்க முடியுமா?"

"மனசு ஆற மாட்டேங்குதே."

தேவவரம் எழுந்து நின்றார்.

"சரி. ஒரு செம்புத் தண்ணி கொண்டாங்க."

மாசிலாமணி ஓட்டமாய் ஓடினார். செம்பை மூன்று தரம் கழுவினார். நிறைய மொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்தி வந்து கொடுத்தார். முழங்கால் போட்டுத் தலையைக் குனிந்தார். கண் நிறைந்துவிட்டது.

தேவவரம் செம்பை உயர்த்தினார். அண்ணாந்தார்.

மடமடவென்று குடித்துத் தீர்த்தார்.

"ஐயையோ! என் ஞானஸ்நானத் தண்ணி!"

"அதத் தங்கபாக்கியம் அம்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தியே ஊத்திட்டாளே, அண்ணாச்சி. இது எனக்குத் தாகத்துக்கு."

மாசிலாமணி முழங்காலிலேயே இருந்தார். காலிச் செம்பைப் பார்த்தார். ஐயரின் நனைந்த தாடியைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னொரு செம்பு கொண்டாரட்டா, ஐயரே?"