கருவாலன் சேர்த்து வைத்த கூட்டணி

நாணல் மடுவுக்குக் கிழக்கே ஒரு முள்காடு இருந்தது. அதைக் கருவாலன் என்ற ஓநாய் ஆண்டுவந்தான். அவனிடம் பதினேழு ஓநாய்கள் இருந்தன. காடு பெரியது, இரையும் உண்டு. ஆனாலும் அவன் கண் மடுவின் மேல்தான் இருந்தது.

மடுவைச் சுற்றிச் சிறு சிறு கூட்டங்கள் வாழ்ந்தன. புல்வெளியில் முயல்கள். பாறைக்குன்றில் முள்ளம்பன்றிகள். தண்ணீரில் நீர்நாய்கள். காட்டை ஒட்டிய மூங்கில் புதரில் காட்டுக்கோழிகள். அவரவருக்கு அவரவர் வேலை.

ஒரு மாலை ஓநாய்கள் மூங்கில் புதருக்குள் புகுந்தன. கோழிகளின் கூக்குரல் மடு முழுவதும் கேட்டது. யாரும் போகவில்லை. முயல்கள் வளைக்குள் ஒண்டிக்கொண்டன. முள்ளம்பன்றிகள் காதைப் பொத்திக்கொண்டன. நீர்நாய்கள் மூழ்கிவிட்டன. இருட்டும் முன்பே கூக்குரல் நின்றுபோனது.

மறுநாள் கருவாலன் மடுக்கரைக்கு வந்தான். அவன் வாயோரம் ஒரு சிவப்பு இறகு ஒட்டியிருந்தது.

“எல்லோரும் கேளுங்கள்! இனி யாரும் யாரோடும் சேரக் கூடாது! ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் இடத்தில் கால் வைக்கக் கூடாது! மீறினால் கோழிகளுக்கு ஆனதுதான் உங்களுக்கும்!”

முயல்களின் தலைவி தவிட்டாளுக்கு வியப்பாக இருந்தது. யாரோடாவது சேரலாம் என்று அவள் அதுவரை நினைத்ததே இல்லை. முள்ளம்பன்றிகளோடு கிழங்குத் தகராறு. மூன்று மழைக்காலமாகப் பேச்சே கிடையாது.

‘இவன் எதற்காக இதைத் தடுக்கிறான்? நாம் சேர்ந்தால் இவனுக்குப் பயம்!’

அன்று மதியமே, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, தவிட்டாள் குன்றின் மேல் ஏறினாள்.

முள்ளம்பன்றிகளின் தலைவன் ஈட்டியப்பன் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு வழி மறித்தான். “மூன்று வருஷமாக என் கிழங்கைத் தோண்டித் தின்றவள், என்ன முகத்தோடு வந்தாய்?”

“தின்றது உண்மைதான், அண்ணா! அதற்கு அப்புறம் திட்டுங்கள். நேற்று மாலை கோழிகள் கத்தியது உங்களுக்குக் கேட்டதா?”

ஈட்டியப்பனின் முட்கள் மெல்ல மடங்கின.

“கேட்டது. ஒரு தாய்க்கோழி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.”

“என் பெயரையும் கூப்பிட்டது,” என்றாள் தவிட்டாள்.



“அடுத்த தடவை யார் கூப்பிட்டாலும் நான் போவேன்,” என்றான் ஈட்டியப்பன்.

“நானும்!”

பக்கத்துப் பாறையில் ஓர் ஆட்காட்டிக் குருவி நின்றுகொண்டிருந்தது. “எனக்குச் சண்டை போடத் தெரியாது. ஆனால் ஊரே எழுந்திருக்கிற மாதிரி கத்தத் தெரியும்! ஓநாய் காட்டை விட்டு வெளியே வந்ததும் கத்தட்டுமா?” என்று கேட்டது.

“கத்து!” என்றார்கள் இருவரும்.

மூவரும் நீர்நாய்களின் தலைவி வழுக்கியிடம் போனார்கள். அவள் தலையை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டினாள்.

“இதெல்லாம் எனக்கு வேண்டாம். கருவாலன் எனக்கு நண்பனும் இல்லை, எதிரியும் இல்லை. தண்ணீரில் இருக்கிறவளை யார் என்ன செய்ய முடியும்? போய்வாருங்கள்!”

அவர்கள் திரும்பிவிட்டார்கள்.

தவிட்டாள் குன்றேறிய செய்தி கருவாலனுக்கு எட்டியது. அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. மறுநாள் காலையில் ஓநாய்களோடு நேராக நீர்நாய்களின் கரைக்குப் போனான். ஆட்காட்டி கத்தியதை நீர்நாய்கள் கண்டுகொள்ளவில்லை. அங்கே மணலில் நீர்நாய்க் குட்டிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஓநாய்கள் சுற்றி நின்றன.

“முயலோடு சேர மாட்டேன் என்று சொல்!” என்று உறுமினான்.

“நான்தான் சேரவில்லையே! வந்தவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டேன்!” என்றாள் வழுக்கி.

“இனியும் சேரக் கூடாதே! அதற்கு உன் குட்டிகளில் இரண்டு என் காட்டில் இருக்கட்டும். எந்த இரண்டு என்று நீயே பார்த்து வை, நாளை விடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போவேன். அதற்குள் அவற்றைக் கூட்டிக்கொண்டு ஓடினால், மடுவில் ஒரு நீர்நாய் மிஞ்சாது!”

ஓநாய்கள் அந்தப் பக்கம் போனதும் வழுக்கி தண்ணீர் சொட்டச் சொட்டக் குன்றுக்கு ஓடினாள். வழியெல்லாம் ஈரத் தடம். ஆட்காட்டியின் கத்தலைக் கேட்டுத் தவிட்டாளும் முயல்களும் ஈட்டியப்பனிடம் வந்து கூடியிருந்தார்கள்.

“அண்ணா! அக்கா! ஒதுங்கி இருந்தால் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். அவன் என் குட்டிகளைக் கேட்கிறான்!”

ஓர் இளம் முயல் முகத்தைச் சுளித்தது. “நேற்று நம்மைப் போகச் சொன்னவள்தானே?”

“யார் கூப்பிட்டாலும் போவது என்று பேசியிருக்கிறோம். இவள் கூப்பிடுகிறாள்,” என்றாள் தவிட்டாள்.

பிறகு நிபந்தனைகள் பேசினார்கள். ஒருவரைத் தொட்டால் எல்லோரையும் தொட்டதாகும். நாமாகப் போய் யாரையும் தாக்கக் கூடாது. ஓடுகிறவனைத் துரத்தக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை வழுக்கிக்குப் பிடிக்கவில்லை. “அவன் காலைக் கடித்து இழுக்க வேண்டும் போலிருக்கிறது!” என்றாள். ஈட்டியப்பன் விடவில்லை. “அவன் காடு அவனுக்கு. நம் மடு நமக்கு!” அவளும் ஒப்புக்கொண்டாள்.

விடிந்தது. ஆட்காட்டி கத்திய கத்தலில் மடுவே அதிர்ந்தது.

நீர்நாய்களின் கரைக்கு ஒரே வழிதான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தண்ணீர், நடுவே ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் ஈட்டியப்பனும் ஆறு முள்ளம்பன்றிகளும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஓநாய்கள் தயங்கி நின்றன.

முள்ளம்பன்றிகளுக்கு முன்னால் தவிட்டாள் தனியாக வந்து நின்றாள்.

“என்ன கருவாலா! ஒரு முயலைத் தாண்ட முடியவில்லையா? உனக்கு எதற்குக் குட்டி?”

கருவாலன் பாய்ந்தான். தவிட்டாள் திரும்பி ஓடினாள். அவன் பல் அவள் இடது காதைப் பிடித்தது. பாதிக் காது பிய்ந்துபோனது. அவள் நிற்கவில்லை. இரண்டு முள்ளம்பன்றிகளுக்கு நடுவே புகுந்து மறைந்தாள். அடுத்த நொடி அந்த இடைவெளி மூடிக்கொண்டது. வந்த வேகத்தில் கருவாலன் முகம் முட்களில் போய்ச் செருகியது!

“தண்ணீர் வழியாகப் போங்கள்!” என்று அலறினான்.

ஓநாய்கள் மடுவில் குதித்தன. கீழே நீர்நாய்கள் காத்திருந்தன. ஒவ்வொரு ஓநாயின் காலையும் பிடித்து இழுத்தன. ஓநாய்கள் தண்ணீர் குடித்தன, தும்மின, ஊளையிட்டன. கரையேற முடிந்தவை காட்டை நோக்கி ஓடின. வழுக்கியின் பிடியில் ஓர் இளம் ஓநாய் மூச்சுத் திணறியது. அவள் அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். “போ! போய் உன் தலைவனிடம் சொல், நாங்கள் இங்கேதான் இருப்போம் என்று!”

கருவாலன் முகமெல்லாம் முள்ளோடு பின்வாங்கினான். “எனக்கு எதிராகச் சதி செய்து கூட்டம் சேர்த்துவிட்டீர்கள்!”

தவிட்டாள் பாறை மேல் ஏறினாள். கிழிந்த காதிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

“கூட்டத்தைச் சேர்த்தது நீ! நீ மிரட்டவில்லை என்றால் நான் இந்தக் குன்றில் ஏறியிருக்கவே மாட்டேன். நீ குட்டியைக் கேட்கவில்லை என்றால் வழுக்கி தண்ணீரை விட்டு வந்திருக்கவே மாட்டாள்!”

“திரும்பி வருவேன்!”

“வா! எல்லோரும் இருப்போம்!”

நான்கு நாள் கழிந்தது. தொலைவில் இருந்த கரையான் புற்றுகளிலிருந்து கீரிகள் வரிசையாக வந்தன. மடுப்பக்கம் அவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

“என்ன விஷயம்?” என்று கேட்டான் ஈட்டியப்பன்.

“கருவாலன் வீங்கிய முகத்தோடு எங்கள் இடத்துக்கு வந்தான். உங்களோடு சேர்ந்தால் எங்களைத் தொலைத்துவிடுவேன் என்றான்.”

“அதனால்?”

“அதனால்தான் சேர வந்திருக்கிறோம்!” என்றது முன்னால் நின்ற கீரி.

மிரட்டி அடக்க நினைக்கும் வலியவன், தனித்தனியே கிடந்த எளியவர்களைத் தன் கையாலேயே ஒன்றாகச் சேர்த்துவிடுகிறான்.