சௌந்தரம் ஓட்டினா மட்டும் வர்ற சத்தம்

ஒரு ஊர்ல ஒரு வெள்ளைக் காரு இருந்துச்சாம். வெள்ளைன்னா பால் வெள்ளை இல்ல, பழைய வேட்டி வெள்ளை. சாவியத் திருகுனா டர்ர்ர்னு இருமும், அப்புறம் ஒரு குலுக்கு குலுக்கும், அப்புறம்தான் கெளம்பும். யாழு, காலை மடக்கிப் படு, அத்தை வயித்துல ஒதைக்காத. நீ ம் போட்டாத்தான் காரு நகரும்.

ம். அப்படித்தான்.

அந்தக் காரை ஓட்டுறவ பேரு சௌந்தரம். ஆளு குட்டை. சீட்டை நல்லா முன்னாடி இழுத்துப் போட்டாத்தான் பிரேக்குக்குக் காலு எட்டும். இத ஞாபகம் வச்சுக்க, அப்புறம் வேணும். அவ புருசன் தவமணி நெட்டை. பஜார்ல பாத்திரக்கடை. கடையில பேரு வெட்டுற மிஷினு ஒன்னு இருக்கும்ல, டிர்ர்ர் டிர்ர்ர்னு? அது கையில இருந்தா அவருக்குச் சும்மா இருக்க முடியாது. வாங்குறவங்க சாமான்ல வாங்குறவங்க பேரை வெட்டுவாரு, வீட்டுச் சாமான்ல தன் பேரை வெட்டுவாரு. டம்ளர்ல த.ம., தட்டுல த.ம., இட்லிக் கொப்பரையில த.ம. கரண்டிக் காம்பைக் கூட விட்டு வைக்கல மனுசன்.

சௌந்தரத்தோட அம்மா மலைக்கு அந்தப் பக்கம் தனியா இருந்தாங்க. கண்ணு ரெண்டும் மங்கிப்போச்சு. அந்த ஊருக்குள்ள பஸ்சு போகாது. அதனால அம்மாவப் பாக்கணும்னா தவமணிகிட்டதான் கேக்கணும். அவரு, நேரம் கெடைக்கட்டும் போலாம்பாரு. தீபாவளிக்குக் கேட்டா பொங்கலுக்கு நேரம் கெடைக்கும். ஆனா அவரோட சேக்காளி வீட்டுக் காதுகுத்துன்னா மட்டும் கடையப் பூட்டிட்டு மொத ஆளா நிப்பாரு. அதுக்கு நேரம் எங்கேர்ந்துதான் வந்துச்சோ. எனக்கு இப்ப நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது.

அப்போ சௌந்தரம் என்ன பண்ணா? கேக்குறத நிப்பாட்டுனா. தலை நரைக்க ஆரம்பிச்ச வயசுல டிரைவிங் ஸ்கூல்ல போயி சேர்ந்தா. தெருவே சிரிச்சுச்சு. சிரிக்கட்டும்னு விட்டா. லைசென்சு வாங்கிட்டு வந்து, வீட்டு வாசல்ல துணி போத்தித் தூங்கிக்கிட்டு இருந்த அந்தப் பழைய காரைக் கழுவித் தொடச்சு எடுத்தா. அப்புறம் வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை மலையச் சுத்திப் போயி, அம்மாவுக்கு எண்ணெ வச்சுத் தலைக்கு ஊத்தி, சுடுசோறு ஆக்கிப் போட்டு, பக்கத்துல உக்காந்து ஊர்க்கதை பேசிட்டு, பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துருவா. அந்தக் கெழவிக்கு வாரத்துல ஒரே ஒரு நாளுதான் நாளு.

என்ன, தூங்கிட்டியா? ம் சொல்லு.

அப்புறம் ஒரு வெள்ளிக்கெழமை. மலைத் திருப்பத்துல வண்டியத் திருப்புறா, கிலுக். என்னடா இதுன்னு காதைத் தீட்டுனா, ஒன்னும் இல்ல. அடுத்த திருப்பத்துல கிலுக் கிலுக். பிரேக்கு போட்டா கிலுகிலுகிலுன்னு ஒரு ஓட்டம். அப்புறம் நேர் ரோட்டுல கப்சிப். வண்டிய ஓரங்கட்டி எறங்கி டிக்கியத் தொறந்து பாத்தா, ஸ்டெப்னி டயரை அமுக்கிப் பாத்தா, டேஷ்போர்டுல கெடந்த சில்லறைச் சாமானையெல்லாம் அள்ளி வெளிய வச்சா, சீட்டுக்கு அடியில கை விட்டுத் தொழாவுனா. கை எட்டுன வரைக்கும் ஒன்னுமே இல்ல. ஏறி ஓட்டுனா, கிலுக்.

வீட்டுக்கு வந்து தவமணிகிட்டச் சொன்னா. அவரு சீட்டைச் சர்ர்ருனு பின்னாடி தள்ளிட்டு ஏறி உக்காந்து, பஜாரை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. சத்தமே இல்ல. எறங்கி, உனக்கு வேலை இல்லையான்னு ஒரு பார்வை பாத்துட்டுக் கடைக்குப் போயிட்டாரு.

அப்புறம் கொழுந்தன் ஜெயபாலைக் கேட்டா. அவரும் அந்த வீட்டு நெட்டைதான். சர்ர்ருனு சீட்டைத் தள்ளுனாரு, மலை அடிவாரம் வரைக்கும் ஓட்டுனாரு. சத்தம் இல்ல. வந்து சிரிச்சுக்கிட்டே, மதினி, காதுல கொஞ்சம் வெளக்கெண்ணெ விடுங்கன்னாரு. காதுல விடணுமாம். இவ காது என்ன கதவுக் கீலா?

மூனாவதா மெக்கானிக் மொக்கச்சாமி. ஒர்க்ஷாப்புல வண்டியத் தூக்கி நிறுத்தி, டங் டங்குனு தட்டிப் பாத்து, அங்கங்க முடுக்கி, அப்புறம் அவரும் சர்ர்ருனு சீட்டைத் தள்ளிட்டு ஒரு ரவுண்டு போனாரு. வந்து, வண்டி தங்கமா இருக்கு தாயின்னாரு. சௌந்தரம், நானும் கூட உக்காந்து வரட்டுமான்னு கேட்டதுக்கு, எதுக்கு, எனக்குத் தெரியாத சத்தமான்னு கேட்டுட்டாரு.

மூனு பேரு ஓட்டியாச்சு. மூனு பேருக்கும் கேக்கல. அப்போ கோளாறு யாரோடது? சௌந்தரத்தோட காதோடதாம். சௌந்தரத்துக்கே ஒரு நாள் சந்தேகம் வந்துருச்சு. அடுப்படியில தாளிக்கிறப்பக் கூட கிலுக்னு கேக்குதான்னு நின்னு பாத்தா. அந்த அளவுக்கு ஆக்கிட்டானுங்க அவள.

அப்புறம் ஒரு நாள் கடைக்குச் சாமான் எறக்கணும், கடை வேன் டிரைவரு வரல. சௌந்தரம் காரை ஓட்டுறா, தவமணி பக்கத்துல உக்காந்து கணக்கு நோட்டைப் பாத்துக்கிட்டே வர்றாரு. ரயில்வே கேட்டுத் திருப்பத்துல திருப்புனா, கிலுகிலுகிலு. தவமணி நிமிந்து உக்காந்தாரு. சௌந்தரத்துக்கு மொகமெல்லாம் மலர்ந்துபோச்சு. அப்பாடா, ஒரு சாட்சி கெடச்சுதுன்னு நெனச்சா பாவம்.

தவமணி என்ன சொன்னாரு தெரியுமா?

"நீ ஓட்டுற விதம்தான் சரியில்ல."

கேட்டியா நியாயத்தை? கேக்கலன்னா அவ காதுல கோளாறு. கேட்டா அவ கையில கோளாறு. நாங்க ஓட்டுனப்ப வராத சத்தம் நீ ஓட்டுனா வருதுன்னா, வண்டியவே கெடுத்துட்டன்னு அர்த்தம்னாரு. கியரை ஒடிக்கிறியாம், கிளட்ச்சைத் தேய்க்கிறியாம். ஜெயபாலு ஆமாம் போட்டாரு, மொக்கச்சாமி தலையாட்டுனாரு. மூனு பேரும் டீ குடிச்சுக்கிட்டே தீர்ப்பு எழுதிட்டாங்க. வர்ற வெள்ளிக்கெழமையோட சரி, அப்புறம் சாவியக் குடுத்துரணும். அம்மாவப் பாக்கணும்னா? நேரம் கெடைக்கிறப்ப நான் கூட்டிட்டுப் போறேன்னாரு தவமணி.

நேரம் கெடைக்கிறப்ப. அந்த நேரம் எப்பக் கெடைக்கும்னு சௌந்தரத்துக்குத் தெரியாதா? சாவி போறதப் பத்தி அவளுக்கு ஒன்னும் இல்ல. அந்தக் கெழவி வாசல்ல காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கும், வெள்ளிக்கெழமை வரும், காரு வராது. அதத்தான் அவளால தாங்க முடியல. கத்தணும் போல இருந்துச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

ம்? சொல்றேன் சொல்றேன், அவசரப்படாத. கண்ண மூடிக்கிட்டே கேளு.

அப்புறம் கடைசி வெள்ளிக்கெழமை வந்துச்சு. அன்னைக்கு அம்மாவக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். பின் சீட்டுல தலகாணி வச்சு உக்கார வச்சா. இதுதான் கடைசின்னு சொல்ல மனசு வரல. வாய மூடிக்கிட்டு ஓட்டுறா. மலைத் திருப்பம் வந்துச்சு. கிலுக். கிலுக் கிலுக். கிலுகிலுகிலு.

பின்னாடி இருந்து அம்மா கேட்டாங்க.

"ஏத்தா, யாரு சோழி உருட்டுறது?"

சௌந்தரம் சடக்குனு வண்டிய ஓரங்கட்டுனா. என்னம்மா சொல்றன்னு திரும்பிக் கேட்டா. அம்மாவுக்குக் கோவமே வந்துருச்சு. "கண்ணுதான் மங்கலு. சோழி சத்தம் தெரியாதா எனக்கு? சமைஞ்ச நாள்லேர்ந்து தாயம் வெளயாண்டவ நான். ஏதோ டப்பாவுக்குள்ள போட்டு உருட்டுறாக."

காருக்குள்ள சோழியா? சௌந்தரம் யோசிச்சா. சத்தம் சௌந்தரம் உக்காந்திருக்குற சீட்டுக்கு அடியிலேர்ந்து வருதுன்னு அம்மா கையக் காட்டுனாங்க. அப்போ அவ எறங்கி, பின் கதவத் தொறந்து, அம்மா காலுக்குக் கீழ குப்புறப் படுத்து, தன் சீட்டுக்கு அடியில பின்பக்கமா இருந்து கைய விட்டா. முன்னாடி இருந்து எட்டாத எடம் இது. தூசி, காஞ்ச வேப்பெலை, ஒரு பழைய பேனா. அப்புறம் சில்லுனு ஒன்னு வெரல்ல தட்டுச்சு. இழுத்தா.

எவர்சில்வர் சம்படம். சின்னது, குங்குமம் வைக்கிற அளவுக்கு. ஆட்டுனா கிலுகிலுகிலு. மூடியத் தொறந்தா உள்ள ஏழெட்டு சோழி, மஞ்சத்துணி ஒன்னு, இத்து அறுந்துபோன ரப்பர் பேண்டு ஒன்னு. துணியில சுத்தி ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்காங்க, வெயில்ல ரப்பர் இத்துப்போகவும் சோழியெல்லாம் அவுந்துருச்சு. வண்டிக்கு ஆபத்து வராமக் காவலு வைக்கணும்னு, குறி சொல்ற கோடாங்கிகிட்ட மந்திரிச்சு வாங்குறது இப்படித்தான் இருக்கும்னு அவளுக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு வேலை பண்ணா பாரு. சம்படத்த இருந்த எடத்துலயே வச்சுட்டு, சீட்டை சர்ர்ருனு பின்னாடி தள்ளுனா. சீட்டுக் கம்பி சம்படத்த நச்சுனு நெரிச்சுப் புடிச்சுக்கிச்சு. வண்டிய உலுக்குனா, சத்தம் இல்ல. சீட்டை முன்னாடி இழுத்தா, கம்பி விட்டுருச்சு. உலுக்குனா, கிலுகிலுகிலு. நெட்டைங்க உக்காந்தா வாய மூடிக்கும். குட்டை உக்காந்தா பேசும். அம்புட்டுத்தான் விசயம். கியரும் இல்ல, கிளட்ச்சும் இல்ல, காதும் இல்ல.

யாரு வச்சதுன்னு தெரியணும்ல? சம்படத்தத் திருப்பிப் பாத்தா. அடியில கொட்டை எழுத்துல வெட்டியிருந்துச்சு.

சொல்லு பாப்போம். ம், அதேதான். த.ம.

திருட்டுத்தனமா வைக்கிற சாமான்லயும் பேரு வெட்டாம இருக்க முடியல அந்த மனுசனால.

சௌந்தரம் ரோட்டோரத்துல உக்காந்துட்டா. காவலு எதுக்கு வைக்கிறாங்க? ஆபத்து வரும்னு பயந்தாத்தான வைக்கிறாங்க? இவ ஸ்டியரிங்கத் தொட்ட அன்னைக்கே, இவ இடிச்சுருவான்னு முடிவு பண்ணி ஓடியிருக்காரு கோடாங்கிகிட்ட. வச்சது அவரு. சத்தம் போட்டது அவரு வச்சது. பழி இவளுக்கு. கோவத்துல அவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. தொடச்சுட்டு எந்திரிச்சா. மொதல்ல அம்மாவுக்குக் கண்ணக் காட்டிட்டு, வீட்ல விட்டுட்டு, நேரா பஜாருக்கு விட்டா வண்டிய. பாம் பாம்.

கடையில தவமணி, ஜெயபாலு, மொக்கச்சாமி, மூனு பேரும் டீயோட உக்காந்திருக்காங்க. சௌந்தரம் சாவியத்தான் குடுக்க வர்றான்னு தவமணி கைய நீட்டுனாரு. நீட்டுன கையில சம்படத்த வச்சா. கிலுக்.

மொக்கச்சாமி சம்படத்தையும் காரையும் மாறி மாறிப் பாத்தாரு, அப்புறம் டீ கிளாசுக்குள்ள பாக்க ஆரம்பிச்சுட்டாரு. சீட்டு முன்னாடி இருந்தா வருது, பின்னாடி இருந்தா வரலைன்னு சௌந்தரம் நிதானமா வெவரம் சொன்னா. ஜெயபாலு காதைச் சொறிஞ்சாரு. நல்லாச் சொறியட்டும்.

வச்சதே எனக்கு மறந்துபோச்சுன்னாரு தவமணி. உன் நல்லதுக்குத்தான் வச்சேன்னாரு.

"நீங்க ஓட்டுனப்ப எங்க வச்சிருந்தீங்க?"

அவ்வளவுதான் கேட்டா. அவரு ஓட்டுன காலத்துல கோயில் மதில்ல ஒரு தடவ, பால்காரர் சைக்கிள்ல ஒரு தடவ இடிச்சிருக்காரு. அப்பல்லாம் காரு சும்மாதான் ஓடுச்சு, சோழியும் இல்ல, கோடாங்கியும் இல்ல. ஆம்பளைக்குக் காவலு வேணாம் பாரு.

சௌந்தரம் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா. அன்னைக்கு ராத்திரி சோறு போட்டா, பேச்சு மட்டும் போடல.

ம்... இன்னும் கொஞ்சம்தான்.

அப்புறம் அடுத்த வெள்ளிக்கெழமை, அவ வண்டிய எடுக்குறப்ப தவமணி வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னாரு. நானும் அத்தையப் பாத்துட்டு வரேன்னாரு. நேரம் கெடச்சுருச்சாக்கும். சௌந்தரம் பக்கத்துக் கதவத் தொறந்துவிட்டா. அவரு ஏறி உக்காந்ததும், அந்தச் சம்படத்த எடுத்து அவரு மடியில வச்சா. பயம் யாருக்கு இருக்கோ அவங்க வச்சுக்கட்டும்னா.

வண்டி டர்ர்ர்னு இருமிக் கெளம்புச்சு. தவமணி ரெண்டு கையாலயும் சம்படத்த அமுக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மலை வந்துச்சு. மொதத் திருப்பம், சத்தம் இல்ல. ரெண்டாவது திருப்பம், சத்தம் இல்ல. மூனாவது பெரிய திருப்பம். வண்டி சாயுது, மனுசனும் சாயுறாரு.

கிலுக்.

சௌந்தரம் ரோட்டை விட்டுக் கண்ண எடுக்காமச் சொன்னா.

"நீங்க உக்காந்திருக்குற விதம்தான் சரியில்ல."

அம்புட்டுத்தான் கதை. காரு அம்மா வீட்டு வாசலுக்குப் போய்ச் சேந்துருச்சு, சோழியும் சத்தம் போடாமப் படுத்துருச்சு. நீயும் படு கண்ணு.