கொழுக்கட்டைக்குள் சுரைக்காய்

சிற்றாற்றங்கரையில் ஒரு சிறிய மடம். அதன் குரு உலகம்மை. குரு என்றதும் வெண்தாடியையும் புலித்தோலையும் தேடிக்கொண்டு வருகிறவர்கள், முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் பெண்ணிடமே "குரு எங்கேம்மா?" என்று கேட்டுவிட்டு அசடு வழிவார்கள். முப்பது வயதுதான் அவளுக்கு. எல்லோரும் அம்மை என்றே கூப்பிடுவார்கள். அவள் பொய் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

சீடர்களில் மூத்தவர் குத்தாலிங்கம். தையல்காரர். அம்மையைவிடப் பதினைந்து வயது பெரியவர். வெள்ளிக்கிழமைதோறும் வந்து பந்தியில் சாப்பிட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்பார். ஆன்மா, மாயை, மறுபிறவி என்று எல்லாம் பெரிய இடத்துக் கேள்விகள். அம்மை பாதிக்கு மேல் பதிலே சொல்ல மாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை இடுப்பில் மகளும் கையில் தூக்குச்சட்டியுமாக வந்து நின்றார். அன்றைய கேள்வியில் ஆன்மாவும் இல்லை, மாயையும் இல்லை.

"அம்மை, எம்பிள்ள என் கையால எதையும் வாங்கித் திங்க மாட்டேங்கா."

மகள் பெயர் விசாலாட்சி. விசாலி. ஒன்றரை வயது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனி இல்லை என்று ஊரே கைவிட்ட பிறகு பிறந்தவள். தாய் கோமதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குப் பகல் என்றும் இரவு என்றும் வேலை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பிள்ளைக்கு ஊட்டுவது, உறங்கவைப்பது எல்லாம் வீட்டிலிருந்தே தைக்கிற குத்தாலிங்கம்தான்.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமாச்சு. எடை இறங்கிட்டே போகுது. இன்னும் இறங்கினா ஆஸ்பத்திரியில சேர்த்து மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் பால் ஊத்தணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பிள்ளை அப்பாவின் சட்டைப் பொத்தானை நோண்டிக்கொண்டிருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது.

"என்ன குடுப்பிய?"

தூக்குச்சட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பிடி கொழுக்கட்டைகள். வெள்ளை வெளேரென்று, ஒரே அளவாக. பிள்ளையின் பிடிக்குள் அடங்கி, கடிப்பதற்கு நுனி மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடித்திருந்தார். பல் முழுதாக முளைக்காத வாய்க்கும் கரையும் பதம். தையல்காரர் கை என்பது பார்த்தாலே தெரிந்தது.

அம்மை ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்தாள். உள்ளேயும் வெள்ளைதான்.

"உள்ள என்ன அண்ணாச்சி?"

அத்தனை கவலையிலும் குத்தாலிங்கத்துக்கு ஒரு சிரிப்பு வந்துவிட்டது.

"கண்டுபிடிக்க முடியலேல்லா? சுரைக்கா, தடியங்கா, சௌசௌ, முள்ளங்கி. துருவி, சாறைப் பிழிஞ்சு, அந்தச் சாறையும் வீணாக்காம அதுலேயே மாவைப் பிசைவேன். பாதி மாவு, பாதி காய். பீட்ரூட்டும் கீரையும்னா கருப்பட்டிப் பணியாரத்துல போயிரும். அந்த நிறத்துல யானையைப் போட்டாலும் தெரியாது."

"பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா தின்னுமா அம்மை? வெறுங் கொழுக்கட்டைன்னு நினைச்சு அது பாட்டுக்குத் தானே எடுத்துத் தின்னும். எனக்கு வெளிய தெரியாம உள்தையல் போட்ட மாதிரி ஒரு திருப்தி."

"பெறவு என்ன ஆச்சு?"

குத்தாலிங்கம் தூக்குச்சட்டியை மூடினார்.

"பாகக்கா நல்லதுன்னு சொன்னாவ. பணியாரத்துல கொஞ்சம் போட்டேன். கசப்பு போக வேகவச்சு, தண்ணியை இறுத்துத்தான் போட்டேன். ஆனாலும் எங்கயோ ஒரு துண்டு நின்னுருக்கு. கடிச்சா பாருங்க. வாயை அப்படியே திறந்து வச்சுக்கிட்டு என்னைப் பாத்தா."

"அழுதாளா?"

"அழல. பாத்தா. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து கொழுக்கட்டை இல்லை, பணியாரம் இல்லை, பழம் இல்லை, பால்கூட இல்லை. கோமதி வீட்டில் இருக்கும்போது ஏதோ இரண்டு வாய் போகும். அப்பா கை நீண்டால் உதடு ஒட்டிக்கொள்ளும்.

அம்மை பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பந்திக்கு வரும் கைக்குழந்தைகளுக்கென்று உப்பும் காரமும் போடாமல் தனியாக அவித்த கேரட் பக்கத்தில் ஒரு தட்டில் இருந்தது. விரல் நீளத்துக்கு நறுக்கி, நசுக்கினால் குழைகிற அளவு வெந்தது. அவள் கொடுக்கவில்லை. தட்டை நகர்த்தி மட்டும் வைத்தாள்.

விசாலி குனிந்து பார்த்தாள். ஒன்றை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். வாயில் வைத்தாள். பிறகு இன்னொன்று.

குத்தாலிங்கத்துக்கு வாய் பிளந்துவிட்டது.

"கேரட்டா? கேரட்டையா திங்கா? மறைச்சு வைக்காம, முழுசா?"

ஆவல் தாங்காமல் அதே தட்டிலிருந்து அதே போல் ஒரு துண்டை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"இந்தா, எஞ்செல்லம்."

விசாலி மெல்வதை நிறுத்தினாள். வாயிலிருந்ததையும் துப்பிவிட்டு, அம்மையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நாலு பேர் நடுவில் கன்னத்தில் அறைந்தால்கூட மனிதர் அப்படி ஆடிப்போயிருக்க மாட்டார். நீட்டிய கேரட்டோடு அப்படியே நின்றார்.

"ஒரே தட்டு, அம்மை. ஒரே கேரட்டு. நான் குடுத்தா ஏன் வேண்டாங்கா?"

அம்மை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"பந்தி போட்டாச்சு. நீங்க சாப்பிடுங்க அண்ணாச்சி."

அவள் சொல்லைத் தட்டாத மனிதர். போய் உட்கார்ந்தார். பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு அம்மையே பரிமாறினாள். சோறு, பருப்பு, அவியல், துவையல். அந்த மடத்துத் துவையல் என்றால் குத்தாலிங்கத்துக்கு உயிர். வெறுஞ்சோற்றில் பிசைந்து ஒரு பிடி, அப்புறம் பருப்புச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு இன்னொரு பிடி. துக்கத்திலும் நாக்கு தன் வேலையை மறப்பதில்லை.

"துவையல் எப்படி இருக்கு?"

"கேக்கணுமா அம்மை? இன்னும் கொஞ்சம் வைங்க."

அம்மை வைத்தாள். அவர் பிசைந்து வாயில் போட்டு விழுங்கும் வரை காத்திருந்தாள்.

"சுட்ட கத்தரிக்கா போட்டு அரைச்சது. நீங்க வாரவாரம் திங்கது அதான். உடம்புக்கு நல்லதுன்னு நாந்தான் போடச் சொன்னேன். சொன்னா திங்க மாட்டியன்னு சொல்லல."

குத்தாலிங்கத்தின் கை இலையிலேயே நின்றது.

காசிக்குப் போனால் ஒரு காயை அங்கே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். விட்ட காயைச் சாகும்வரை தொடக்கூடாது. கெட்டிக்காரர்கள் பிடிக்காத காயாகப் பார்த்து விடுவார்கள். கோமதி கொத்தவரங்காயை விட்டுவிட்டு நிம்மதியாக வந்தாள். குத்தாலிங்கம் அப்படிச் செய்யவில்லை. எண்ணெய்க் கத்தரிக்காய் என்றால் அடுப்படியிலேயே நின்று தின்கிற மனிதர், ஒரு பிள்ளையைக் கொடு என்று கங்கைக்குள் நின்று அழுது, கத்தரிக்காயை விட்டுவிட்டு வந்தார். அடுத்த வருஷம் விசாலாட்சி பிறந்தாள். காசியில் இருக்கிற அம்மனின் பெயரையே வைத்தார். அன்றிலிருந்து கத்தரிக்காய் வெந்த பாத்திரத்தைக்கூட அவர் தொட்டதில்லை. தொட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று நம்பினார். இது அம்மைக்கும் தெரியும். அவளிடம் சொல்லிக்கொண்டுதான் அவர் காசிக்கே புறப்பட்டார்.

குத்தாலிங்கம் எழுந்து ஓடினார். கிணற்றடியில் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுக்கும் சத்தம் பந்தி முழுக்கக் கேட்டது. ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை.

இதையெல்லாம் குருவின் திருவிளையாடல் என்று சொல்லிக் கைதட்டுகிறவர்கள் தட்டட்டும். திரும்பி வந்தபோது அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருந்தால் ஒருவருக்கும் கை எழுந்திருக்காது.

வந்ததும் பிள்ளையைப் பிடுங்கினார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மார்பில் காதை வைத்துக் கேட்டார். பிறகுதான் அம்மையைப் பார்த்தார்.

"நீங்களா?"

அம்மை துவையல் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ஊர்ல வேற யாரு செஞ்சாலும் தாங்கிருப்பேன். நீங்களா அம்மை? எம்பிள்ள இப்படி எலும்பா போறதுக்குக் காரணம் நான் தின்ன கத்தரிக்காயா? உங்க கையை நம்பி இத்தனை நாளும் தின்னேனே!"

சமையல்கார இசக்கியம்மாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயோ அண்ணாச்சி! சத்தியமா இல்ல! அரைச்சவ நாந்தான். பீர்க்கங்காத் தோலு. இந்த மடத்துக்குள்ள கத்தரிக்கா வந்தே வருசமாச்சு. உங்களுக்கு ஆகாதுன்னு அம்மைதான் வாங்கக் கூடாதுன்னுட்டாவ. வாங்க, வந்து பாருங்க."

இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். முறத்தில் சீவிய பீர்க்கங்காய்கள் கிடந்தன. தோல் மிச்சம் கொஞ்சம் இருந்தது. கத்தரிக்காயின் காம்புகூட எங்கும் இல்லை.

குத்தாலிங்கம் முறத்தையும் அம்மையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொய்யா சொன்னிய?"

"ஆமா அண்ணாச்சி. பொய்தான் சொன்னேன்."

"நீங்க பொய் சொல்லுவியளா?"

"இன்னிக்குச் சொன்னேன்."

அம்மை பொய் சொன்னாள் என்பது அடுப்படியில் இருந்தவர்களுக்குக் கத்தரிக்காயைவிடப் பெரிய அடி. இசக்கியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குத்தாலிங்கம் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு சிரித்தார். விரதம் கெடவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. உயிர் திரும்பி வந்த மாதிரி மூச்சு விட்டார்.

அம்மை மீதித் தோலை எடுத்து, வதக்கி, மிளகாயும் புளியும் தேங்காயும் வைத்து, அவர் கண்ணெதிரிலேயே அம்மியில் அரைத்தாள். எடுத்த ஒவ்வொன்றையும் அவருக்குக் காட்டிவிட்டே அரைத்தாள். ஒரு உருண்டையை வழித்து அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி. வயிறு காலியா இருக்கு."

அவர் கையை நீட்டினார். வாங்கினார். விரலால் பிளந்து பார்த்தார். மோந்து பார்த்தார். விதை ஏதாவது தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் அதை அம்மையின் கையிலேயே திரும்ப வைத்தார்.

"பீர்க்கங்காதான் அண்ணாச்சி."

"தெரியும் அம்மை. என் கண்ணால பாத்தேன்."

"பெறவு?"

"வாய்க்குப் போக மாட்டேங்கு."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. மடியில் இருந்த மகளைக் குனிந்து பார்த்தார். விசாலி அண்ணாந்து அவரைப் பார்த்தாள். குத்தாலிங்கத்தின் முகம் வெளிறிப்போனது.

"நான் இனி என்ன செய்யணும், அம்மை? எம்பிள்ள என் கையால திங்க நான் என்ன செய்யணும்? சொல்லுங்க."

அம்மை உருண்டையை ஏந்திய கையை இன்னும் இறக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியல அண்ணாச்சி. இனி நான் என்ன செஞ்சா, என் கையால நீங்க திம்பிய? அத நீங்கதான் எனக்குச் சொல்லணும்."